மூன்றாம் ஓலை

விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்துக்குள் பட்டப்பகலில் தலை நிமிர்ந்து நுழைந்த ஒரே வெளியாள் எங்கள் சவுரியம்மாள்தான். பனமலைப் பக்கம் கூலி வேலை செய்து, புருஷன் செத்தபின் திண்டிவனத்துக்கு வந்தவள். இங்கே கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் விடுதியில் அவளுக்குச் சமையல் வேலை. சனிக்கிழமை ஆனால் வறுத்த மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். பிரசங்கம் கிரசங்கம் எதுவும் கிடையாது. அங்கே தொழில் செய்த பெண்களோடு உட்கார்ந்து மல்லாட்டை உரித்துத் தின்பாள். "வர்றதுன்னா வா, சோறு இருக்குது" என்பாள், அவ்வளவுதான். சிஸ்டர்கள் போனால் கதவைச் சாத்தியவர்கள் இவளுக்குப் பாய் விரித்தார்கள்.

அப்படி வந்தவள்தான் அஞ்சம்மாள். விடுதியில் தையல் கற்று, ஞானஸ்நானமும் வாங்கினாள். ஐம்பத்தெட்டாம் வருஷம் மாப்பிள்ளை அமைந்தது. தச்சுவேலை செய்யும் இருதயராஜ். எல்லாம் தெரிந்தே பெண் கேட்டான்.

எங்கள் கோவிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் அறிவிப்பார். ராயப்பன் என்று ஒரு பெரிய யோக்கியர் எங்கள் பங்குச் சபையில் இருந்தார். "அந்தச் சந்துலேர்ந்து வந்தவளுக்கு நம்ம கோவில்ல தாலியா? நான் எந்திரிச்சி சொல்றேன் பாரு" என்று டீக்கடையில் முழங்கிவிட்டார்.

அஞ்சம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. "கல்யாணமே வாணாம்க்கா. என்னால அந்த மனுஷனுக்கு அவமானம்" என்று அழுதாள்.

சவுரியம்மாளுக்கு வந்ததே கோபம். அந்தச் சந்துக்கு யார் யார் போய் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? நேரே சாமியாரிடம் போனாள். "சொல்றவங்க தாராளமா சொல்லட்டும் சாமி. அந்தப் பொண்ண எங்க பாத்தாங்க, எப்படிப் பழக்கம், அதையும் சேத்து சொல்லணும்னு ஒரு வார்த்த போட்டுடுங்க."

சாமியாரும் போட்டார். முதல் ஞாயிறு ஆண்கள் பக்கம் ஒரே இருமல். இரண்டாம் ஞாயிறு பாதிப் பேரைக் காணோம். வல்லத்தில் துக்கமாம், அனந்தபுரத்தில் அவசர வேலையாம். பாட்டுக் குழுவில் நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் ஞாயிறு ராயப்பன் எழுந்தே விட்டார். டீக்கடையில் விட்ட சவடால் சும்மா இருக்க விடுமா? எழுந்தவர் பெண்கள் பக்கம் திரும்பினார். அங்கே அவர் சம்சாரம் ராஜாமணி இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க" என்றார் சாமியார்.

"பொண்ணு... நல்ல பொண்ணு, சாமி."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கேட்டது சாமியார் இல்லை, ராஜாமணி. பெண்கள் பக்கம் முழுக்க முந்தானை வாய்க்குப் போயிற்று, என்னுடையதும்தான். ராஜாமணி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்றவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாவம், எனக்கே சிரிப்பு நின்றுபோயிற்று. அப்போது அஞ்சம்மாள் எழுந்தாள்.

"அக்கா, இவர நான் பாத்ததே இல்லீங்க."

ராஜாமணி மெல்ல உட்கார்ந்தாள். ராயப்பனும் வேர்த்துப்போய் உட்கார்ந்தார். தடை இல்லை என்று சொல்லி சாமியார் ஓலையை மடித்தார்.

வெளியே வந்ததும் சவுரியம்மாள் அஞ்சம்மாள் கையைப் பிடித்தாள். "இன்னாடி, பீடத்துக்கு முன்னால பொய் சொல்லிட்டியே?"

"பொய் இல்லக்கா. அங்க வந்த எவன் மூஞ்சியையும் நான் பாத்ததில்ல. கண்ண மூடிக்குவேன்."