நீண்டுபோன டேப்

எங்கள் நகராட்சியின் உரிமப் பிரிவில் அவருக்குப் பெயர் டேப்பு. புகையிலைக் கடைக்கு யார் உரிமம் கேட்டாலும், பள்ளிக்கூட வாசலிலிருந்து கடை வாசல் வரை நூறு மீட்டர் இருக்கிறதா என்று அளந்து எழுதுவது அவர் வேலை. கடைக்காரர்கள் நீட்டும் டீயைக்கூடத் தொடமாட்டார். அந்த நேர்மையில் கொஞ்சம் திமிரும் இருந்தது. "மனுஷன் பொய் சொல்லுவான், அளவு சொல்லாது" என்று அடிக்கடி சொல்வார். பக்கத்து மேசையில் ஆணைகளைத் தட்டச்சு செய்யும் நான் தலையாட்டுவேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

அவரிடம் இருந்தது முப்பது மீட்டர் துணி டேப். மனை, சாலை, கடை என்று எல்லாவற்றையும் பதினோரு வருடம் மழை வெயில் பாராமல் அதை இழுத்துப் பிடித்து அளந்தார்.

ஐந்து வருடத்துக்கு முன் இந்த நூறு மீட்டர் விதி புதிதாக வந்தபோது, ஏற்கெனவே கடை வைத்திருந்தவர்களும் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத் தெருவில் சிகரெட்டும் மூக்குப்பொடியும் விற்ற ஒரு அக்கா, தன் கடை நூறு மீட்டருக்கு அப்பால் என்று எழுதிக் கொடுத்தார். டேப்பு அளந்தபோது தொண்ணூற்றெட்டரைதான் வந்தது.

"கொத்தனார்கிட்ட இரும்பு டேப் வாங்கி அளந்தேன் அண்ணே. நூறைத் தாண்டுச்சு. இன்னொரு தடவை பாருங்களேன்."

"பத்துத் தடவை பார்த்தாலும் இதேதாம்மா வரும்."

கடையை மூடச் சொல்லி ஆணை போனது. விண்ணப்பதாரர் பொய்த் தகவல் அளித்துள்ளார் என்று அதில் ஒரு வரியும் இருந்தது. வழக்கப்படி பள்ளிக்கூடத்துக்கு ஒரு நகல் அனுப்பினோம். அதைத் தலைமையாசிரியர் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். அக்காவின் மகள் அங்கேதான் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அக்கா எங்கள் அலுவலகத்துக்கே துப்புரவு வேலைக்கு வந்தார். "காலைத் தூக்குங்க அண்ணே" என்று எங்கள் மேசைக்கு அடியில் நாலு வருடமாகப் பெருக்குகிறார்.

போன மாதம் புது இரும்பு டேப் வந்தது. பழையதைக் கழித்துக்கட்டும் முன் டேப்பு இரண்டையும் வராந்தாவில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். துணி டேப்பின் முப்பது, இரும்பு டேப்பின் முப்பதைத் தாண்டி இரண்டு அடி தள்ளிக் கிடந்தது. துணி இழுபட்டு நீண்டிருக்கிறது. அதனால் தூரத்தைக் குறைத்துக் காட்டியிருக்கிறது.

மதியம் இரும்பு டேப்போடு பள்ளிக்கூடத் தெருவுக்குப் போனார். நூறு மீட்டர், ஐம்பத்தைந்து சென்டிமீட்டர். திரும்பி வந்தவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

"விடுங்க அண்ணே, யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே. அந்தம்மா பெருக்க வரும்போது எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு காலைத் தூக்குவேன்? வெக்கமா இருக்குடா தம்பி."

அதிகாரியிடம் போனார். மேல்முறையீட்டுக் காலம் முடிந்துவிட்டது, பழைய கோப்பைக் கிளறாதே என்று அனுப்பிவிட்டார் அவர். கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள். டேப்பு நேராக அக்காவிடமே போய்ச் சொன்னார். அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். கடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நான் பொய் சொல்லலைன்னு என் மககிட்ட வந்து சொல்றீங்களா? அன்னைக்கிலிருந்து அவ என்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்லை."

ஞாயிற்றுக்கிழமை போனோம். துணைக்கு வா என்று டேப்பு கூப்பிட்டதால் நானும் போனேன். வீட்டுக்கு முன்னால் தெருவில் இரண்டு டேப்பையும் விரித்து, நான் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, டேப்பு எல்லாவற்றையும் விளக்கினார். மகள் இப்போது மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அந்த இரண்டு அடியைக் குனிந்து பார்த்தாள்.

"அளவு தப்பாப் போகலாம் சார். பொய்த் தகவல்னு எழுதினது யாரு? பள்ளிக்கூடமே அதைத்தான் படிச்சுது."

அந்த வரியை எழுதும்படி என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஆணை கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்தது. அதிகாரி படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

டேப்பு என்னை ஒரு தடவை பார்த்தார். நான் நிமிரவில்லை.

"நான்தாம்மா" என்றார்.

எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே பொய் அது. நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.