ரிஜெக்‌ஷன் கூண்டில் என் கிட்டார்

நாற்பதைத் தாண்டிய பெண் ஒருத்தி கிட்டார் கடைக்குள் நுழைந்தால், கடைக்காரரின் கண் அவளுக்குப் பின்னால் ஒரு குழந்தையைத் தேடும். ஓசூரில் எனக்கு அப்படித்தான் நடந்தது.

"பையனுக்கா மேடம், பொண்ணுக்கா?"

"எனக்குத்தான்."

"ஓ, நீங்க கிஃப்ட் குடுக்கவா?"

அதற்கு மேல் அவரைத் திருத்த எனக்குத் தெம்பில்லை. சின்ன கிட்டார் கேட்டதுதான் குழப்பத்துக்குக் காரணம். முழு அளவு கிட்டார் ஒன்றை ஏற்கெனவே தோழியிடம் இரவல் வாங்கி, கைபேசியைப் பார்த்துப் பழகிக்கொண்டிருந்தேன். அதை மடியில் வைத்தால் கன்றுக்குட்டியைக் கட்டிப்பிடித்ததுபோல் இருக்கும். அதன் விளிம்பில் என் மோவாய் இடிக்கும். வலது கையை அதன் முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து கம்பியைத் தொடுவதற்குள் தோள்பட்டை மரத்துப்போகும். வலிக்கு வைத்தியம் பார்த்த டாக்டர், "கம்பெனில வெயிட் தூக்குறீங்களா?" என்று கேட்டார். கிட்டார் என்று சொல்ல வெட்கப்பட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் வாகன பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் அளவீட்டு லேபைப் பார்த்துக்கொள்பவள். உருப்படி சரியான அளவில் இருக்கிறதா இல்லையா என்று சொல்வதுதான் வேலை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து இந்த வேலைக்காக வந்து ஓசூரிலேயே தங்கிவிட்டேன். என் கணவர் மத்தூர்க்காரர். மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். அவருக்கு வேறொரு கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் வேலை. யார் என்ன விலை சொன்னாலும் முகத்தைச் சுளித்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வது அவருடைய தொழில் ரகசியம். எங்கள் திருமணத்தின்போது ஐயரிடம்கூட அப்படித்தான் திரும்பிக்கொண்டார்.

அன்று கடைக்கு என்னோடு வந்திருந்த அவர், கிட்டாரைக் கையில் வாங்கி, பலாப்பழத்தைத் தட்டுவதுபோல் பின்பக்கம் தட்டினார்.

"உள்ள ஒண்ணுமே இல்லையேங்க. காலியா இருக்குது."

"காலியாத்தான் சார் இருக்கணும்."

"அப்ப பாதிக்கு மேல காத்துதான். காத்துக்குமா வெலை போடுறீங்க?"

"அந்தக் காத்துலதான் சார் சவுண்டே வருது" என்றார் கடைக்காரர். என் கணவரை எதிர்த்து ஒரு வியாபாரி சரியான பதில் சொல்லி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மேல்பலகை ஒரே மரமா, ஒட்டுப்பலகையா என்று நான் கேட்டேன். சொந்த விஷயத்தைக் கேட்டுவிட்டதுபோல் கடைக்காரர் சங்கடப்பட்டார். "வுட்டு மேடம். ஃபுல்லா வுட்டு" என்றார். பிறகு தானே கிட்டாரை எடுத்து, விரல் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் எதையோ வாசித்துக் காட்டினார். கடையே சிலிர்த்தது. அவர் கையில் முருங்கைக் கட்டையைக் கொடுத்தாலும் அப்படித்தான் ஒலித்திருக்கும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. நான் வாங்கி எனக்குத் தெரிந்த மூன்று கார்டுகளை, அதாவது விரல் பிடிப்புகளை, வாசித்தேன். கடை பழையபடி கடையாகியது. ஆனாலும் கிட்டார் மடியில் பூனைபோல் உட்கார்ந்தது. தோள் வலிக்கவில்லை. கழுத்து மெலிந்து என் குட்டை விரல்களுக்குள் அடங்கியது. விலையும் எங்களுக்கு எட்டுகிற விலை. வாங்கிவிட்டோம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அதன் குணங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தடித்த கம்பியைத் தட்டினால் சளி பிடித்தவர் பேசுவதுபோல் இருந்தது. கம்பிகள் பலகையிலிருந்து உயரமாக நின்றதால் விரல்நுனி எரிந்தது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. மெல்லிய கம்பியை ஓரிடத்தில் அழுத்தினால் மட்டும், பாட்டிலுக்குள் மாட்டிய வண்டுபோல் 'ஙொய்' என்று ஒரு சத்தம் வந்தது. கடைக்காரருக்கு போன் செய்தேன்.

"போகப் போக செட் ஆயிடும் மேடம்."

என் வேலையில் இந்த வாக்கியத்தை நான் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். தவறான உருப்படி அனுப்பிய எல்லா சப்ளையரும் இதைத்தான் சொல்வார்கள். நான் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. என் சொந்தக் கிட்டாருக்கு மட்டும் எப்படி ஒப்புக்கொள்வது? லேபுக்குக் கொண்டுபோய் அளந்துவிடுவதென்று முடிவெடுத்தேன்.

சனிக்கிழமை வேலை குறைவு. கம்பெனி பஸ்ஸில் கிட்டாரோடு போய் இறங்கினேன். கேட்டில் நின்ற செக்யூரிட்டி அஞ்செட்டிப் பக்கத்துக்காரர். தமிழும் கன்னடமும் அவர் வாயில் ஒரே மொழி. உள்ளே போகும் எந்தப் பொருளையும் பதிவு செய்யாமல் விடாதவர், உறையைத் திறந்து பார்த்ததும் முகம் மலர்ந்துபோனார்.

"சொல்ப வாசிச்சுக் காட்டுங்க மேடம். சொல்பதான்."

கொஞ்சம் வாசித்தேன். அவர் தலையை ஆட்டி ரசித்து, கேட்டைத் திறந்துவிட்டார். ரசனையில் பதிவேட்டை மறந்துவிட்டார்.

லேபில் பிரேக் பாகங்களை வைத்து அளக்கும் கருங்கல் மேடையில் கிட்டாரைப் படுக்க வைத்தேன். மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாகக் கம்பிக்கு அடியில் நுழைத்து உயரம் பார்த்தேன். விரல் பலகையில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கீற்றுகளுக்கு ஃபிரெட் என்று பெயர். அவற்றில் ஒன்று மட்டும் பக்கத்தில் இருப்பவற்றைவிடக் காகிதக் கனம் தூக்கி நின்றது. அதிர்கிற கம்பி அதில் உரசித்தான் வண்டு கத்துகிறது. கண்டுபிடித்த சந்தோஷத்தில் நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

உள்ளே வந்தவர் எங்கள் குவாலிட்டி பிரிவின் தலைவர், அதாவது என் மேலதிகாரி. அவருக்குப் பின்னால், எங்கள் தரத்தைச் சோதிக்கத் திங்கட்கிழமை வரவேண்டிய, வாடிக்கையாளர் கம்பெனியின் ஆடிட்டர்.

ஆடிட்டர் மேடையைப் பார்த்தார். "இது என்ன பார்ட்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மேலதிகாரி முந்திக்கொண்டார். "டெவலப்மென்ட் சாம்பிள் சார். வைப்ரேஷன் ஸ்டடி."

"டேக் எங்கே?"

அங்கேதான் மாட்டினோம். அடையாளச் சீட்டு இல்லாமல் லேபில் எது இருந்தாலும் அது சந்தேகத்துக்குரிய சரக்கு. சந்தேகச் சரக்கு உடனே ரிஜெக்‌ஷன் கூண்டுக்குப் போகவேண்டும். இது நாங்களே எழுதி, சட்டம் போட்டு, சுவரில் மாட்டியிருந்த விதி. மேலதிகாரி ஒரு சிவப்புச் சீட்டை எடுத்தார். பாகத்தின் பெயர் என்ற இடத்தில் 'கிட்டார்' என்று எழுதினார். குறை என்ற இடத்துக்கு வந்ததும் என்னைப் பார்த்தார். நான் உண்மையைச் சொன்னேன். எழுதினார். ஆடிட்டர் அதைப் படம் பிடித்துக்கொண்டு, சந்தேகச் சரக்கைக் கண்ட நொடியில் ஒதுக்கிய எங்கள் ஒழுங்கை வெகுவாகப் பாராட்டினார்.

சாயங்காலம், கூண்டுக்குள் போய்விட்ட கிட்டாரைக் கேட்டு மேலதிகாரியிடம் போனேன்.

"எப்படி மேடம் குடுக்கறது? போட்டோ அவர்கிட்ட இருக்கு. இதுக்கு என்ன ஆச்சுன்னு நாம பதில் அனுப்பணும். பதில் இல்லாம கூண்டைத் திறந்தா அதையே தனி நான்-கன்ஃபர்மிட்டின்னு, விதியை மீறினதா, நம்ம மேல எழுதிடுவாங்க."

"சார், அது என்னோடது."

"தெரியும் மேடம். ஆனா சிஸ்டத்துக்குத் தெரியாதே."

கேட்டுக்குப் போய்ச் செக்யூரிட்டியிடம் முறையிட்டேன். அவர் பதிவேட்டை மேலும் கீழுமாகப் புரட்டினார்.

"உள்ள வந்ததுக்கே என்ட்ரி இல்லையே மேடம். அப்புறம் வெளிய எப்டிப் போகும்?"

"நீங்கதானே உள்ள விட்டீங்க?"

"விட்டேன். எழுதலையே. எழுதலைன்னா வரலைன்னுதான் அர்த்தம்."

வராத கிட்டார் கூண்டில் தொங்கியது. ரிஜெக்‌ஷன் கூண்டு என்பது ஷெட்டின் கோடியில் கம்பிவலை அடித்து, பூட்டுப்போட்ட ஓர் அறை. கோணல்மாணலான பிரேக் பாகங்களுக்கு நடுவே கழுத்தில் சிவப்புச் சீட்டோடு அது தொங்கிய கோலத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மற்றவர்களுக்கு அது திருவிழாவாக இருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் ஆட்கள் வந்து வலைக்குள் விரலை விட்டுக் கம்பியைச் சுண்டிப் பார்த்தார்கள். வண்டுச் சத்தம் கேட்டால், "ஆமா, ரிஜெக்ட்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்கள். என் வாழ்நாளில் அத்தனை பேர் ஒரு கிட்டாரை மதிப்பீடு செய்து நான் பார்த்ததில்லை. அதில் ஒருவருக்கும் கிட்டார் தெரியாது.

சில வாரங்கள் கழித்து, ஒதுக்கிய சரக்கை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் கூட்டம் நடந்தது. டிசைன் பிரிவு, வரைபடம் இல்லாத பொருளைப் பற்றித் தங்களால் கருத்துச் சொல்ல இயலாது என்றது. உற்பத்திப் பிரிவு, இதை நாங்கள் செய்யவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. மேலதிகாரி விதியைப் படித்தார். அப்படியே பயன்படுத்தலாம், சரிசெய்யலாம், அல்லது கழித்துவிடலாம். கழிப்பதென்றால், அந்தப் பொருள் திருட்டுத்தனமாகச் சந்தைக்குப் போய்விடாமல் இருக்க இரண்டாக அறுக்கவேண்டும்.

மெயின்டெனன்ஸ்காரர் கையில் பேனாவோடு, மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு கேட்டார். "நீளவாக்குலயா சார், குறுக்கயா?"

"சப்ளையருக்குத் திருப்பி அனுப்பலாமே" என்றேன், குரல் எனக்கே கேட்காதபடி.

அறையில் ஒரு நிம்மதி பரவியது. குற்றத்தை வெளியே அனுப்புவதைப்போல் கூட்டங்களை ஒன்றுசேர்ப்பது வேறொன்றில்லை.

"யாரு சப்ளையர்?" என்றார் மேலதிகாரி.

"என் வீட்டுக்காரர்."

மறுநாள் என் கணவர் அயர்ன் செய்த சட்டையோடு, தன் கம்பெனி அட்டையைப் பைக்குள் மறைத்துக்கொண்டு வந்தார். வேலையில் சேர்ந்த நாள் முதல் சப்ளையர்களை வரவேற்பறையில் காக்க வைத்தே பழகியவரை எங்கள் வரவேற்பறை காக்க வைத்தது. மதியம்வரை ஒரு டீகூட வரவில்லை. நான் கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்த்தபோது, பழைய வாகனப் பத்திரிகை ஒன்றைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். மேலதிகாரி வழக்கமான கேள்விகளைக் கேட்டார். குறை எப்படி வந்தது? இனி வராமல் இருக்க என்ன செய்தீர்கள்?

என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இத்தனை ஆண்டுகளாகத் தன்னிடம் மற்றவர்கள் சொன்ன பதிலையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒப்பித்தார்.

"ஒன் டைம் மிஸ்டேக்குங்க சார். மேற்கொண்டு வராது. ஆபரேட்டருக்கு ட்ரெய்னிங் குடுத்துட்டோம்."

"ஆபரேட்டர் யாரு?"

அவர் என்னைக் கைகாட்டினார். "இவங்கதாங்க."

மேலதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்து, திருப்தியோடு கையெழுத்துப் போட்டார். சப்ளையர் சரக்கென்று கேட் பாஸ் கிடைத்தது. செக்யூரிட்டி இந்த முறை எழுதிக்கொண்டு கேட்டைத் திறந்தார்.

வண்டியில் வரும்போது, தொழிற்பேட்டை வளைவு தாண்டியதும் என் கணவர் சொன்னார். "ஒரு டீ குடுத்திருக்கலாம்தானே? மனுசன் அங்க உக்காந்திருக்கிறது தெரியுது இல்ல?" பிறகு, "எங்க ரிசப்ஷன்ல நாளைக்கே ஒரு ஃபிளாஸ்க் வாங்கி வெக்கணும்" என்றார். வைத்தார் என்றுதான் கேள்விப்பட்டேன்.

வீட்டில் கிட்டாரைத் துடைத்தால் துணி கறுத்தது. மரத்தில் எண்ணெய் வாடை ஏறியிருந்தது. கம்பிகள் துருப்பிடித்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாலில் செய்தித்தாளை விரித்தோம். காது குத்தும்போது குழந்தையைப் பிடிப்பதுபோல் அவர் அதை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, நான் பலகையின் மேல் டேப் ஒட்டி மறைத்து, தூக்கி நின்ற அந்த ஒரு ஃபிரெட்டை மெல்லிய அரத்தால் ராவினேன். "போதும், போதும்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். மேல்பலகையில் ஒட்டியிருக்கும் பாலம் என்ற கட்டையில் கம்பிகள் தங்கும் வெள்ளைத் துண்டை எடுத்து அதன் அடிப்பக்கத்தைத் தேய்த்து உயரத்தைக் குறைத்தேன். புதுக் கம்பி மாட்டிச் சுருதி சேர்த்துத் தட்டியபோது வண்டு போயிருந்தது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிள்ளை பாஸாகிவிட்டதுபோல் அவர் முகம் இருந்தது.

இப்போது யாராவது கேட்டால் சொல்வேன். சின்ன கிட்டாரிடம் பெரிய குரலை எதிர்பார்க்கக்கூடாது. தடித்த கம்பியின் சளி இன்னும் போகவில்லை, போகவும் போகாது. அந்தச் சின்ன வயிற்றில் அவ்வளவுதான் இடம். மேல்பலகை ஒட்டுப்பலகைதான், ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன். ஆனால் மெல்லிய கம்பிகள் மூன்றும் தெளிவாகப் பேசுகின்றன. விரல் எரியவில்லை. வேலை முடிந்து வந்து சோபாவின் மூலையில் கால் மடக்கி உட்கார்ந்தால், உடம்பு வலி இல்லாமல் வாசிக்க முடிகிறது. வாங்குகிறவர்கள் கடைக்காரர் வாசிப்பதைக் கேட்டு மயங்காமல், தாங்களே தப்பும் தவறுமாக வாசித்துப் பார்த்து வாங்கவேண்டும். வீட்டுக்கு வரப்போவது அந்தத் தப்பும் தவறும்தான்.

போன வாரம் ஒரு சாயங்காலம் மின்சாரம் போனது. ஃபேன், டிவி, கீழ் வீட்டு மிக்சி எல்லாம் அடங்கி, தெரு திடீரென்று மௌனமாகியது. பால்கனியில் உட்கார்ந்து மெதுவாக வாசிக்க ஆரம்பித்தேன். கீழே வீட்டுக்காரம்மா, கெலமங்கலத்துப் பக்கம் முட்டைக்கோஸ் தோட்டம் வைத்திருக்கும் தெலுங்குக் குடும்பத்தவர், வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். இருட்டில் என்னைத் தெரியவில்லை.

"ஏம்மா, மேல ரேடியோவா? கரண்டு இல்லாம எப்படிம்மா பாடுது?"

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பதில் சொல்லாமல் வாசித்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பெருமையில் அதுவரை துணியாத நான்காவது கார்டுக்குப் போனேன். விரல் வழுக்கியது.

"ஸ்டேஷன் போயிடுச்சு பாரு" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.