அலை உடையாத இடம்

காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவனுக்குக் கடலோடு என்ன தொடர்பு என்று உறவினர் கேட்பதுண்டு. தொடர்பை உண்டாக்கியது பன்னீர்த் திராட்சைதான். குமுளி மலையைக் கடந்து, வர்க்கலை தொடங்கிக் கோவளம் வரையுள்ள கரையோர விடுதிகளுக்கும் பழச்சாற்றுக் கடைகளுக்கும் எனது சிறு வண்டியில் நெடுங்காலமாகப் பழம் கொண்டுசென்று வருகிறேன். அவ்விடுதிகளில் தங்குவோரில் பெரும்பாலோர் அலைச்சறுக்குக்காக வருபவர்கள். அவர்கள் எங்கே கூடுகிறார்களோ அங்கேதான் பழம் விற்கும். ஆகவே, பாறை முனைக்குத் தெற்கேயுள்ள அலை தேர்ந்தவர்களுக்கு உரியது, ஆறு கடலில் கலக்கும் பொழிமுகத்தை ஒட்டிய மணற்கரை புதியவர்களுக்கு ஏற்றது, மழைக்காலத்தில் எந்தக் கரையிலும் பலகையை இறக்கலாகாது என்பனவற்றையெல்லாம், கால் நனையாமலே கேட்டு அறிந்து வைத்திருந்தேன்.

சென்ற கோடையில் எனது துணைவியாரும் உடன் வந்தார். அவர் முல்லைப் பெரியாற்றங்கரையில் பிறந்தவர். நீச்சலில் என்னைவிட வல்லவர். எங்கள் பள்ளத்தாக்கில் ஆற்றில் குளிக்க இடம் தேடுவோர், இரைச்சலும் நுரையும் உள்ள பகுதியை விலக்கி, தண்ணீர் ஓசையின்றிக் கிடக்கும் பகுதியிலேயே இறங்குவர். படித்துறை கட்டுவதும் அங்கேதான்.

அன்று நாங்கள் நின்ற கரையில் இருபுறமும் அலைகள் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தன. நடுவில் மட்டும் ஒரு வண்டிப்பாதை அகலத்துக்குக் கடல் சற்றே கறுத்து அமைதியாகக் கிடந்தது.

"ஏங்க, இங்கன பாருங்க. நமக்குன்னே ஒரு துறைய விட்டு வச்சிருக்காக. ரெண்டு முங்கு முங்கிட்டு வந்துர்றேன்."

"சேலையோடயா?"

"பெறகு? ஒங்க வேட்டியக் கட்டிக்கிட்டா எறங்க?"

நான் பழப்பெட்டிகளை இறக்கிவிட்டுத் திரும்பியபோது, அவர் கரையை நோக்கிக் கை வீசி நீந்திக்கொண்டிருந்தார். முகம் என்னை நோக்கி இருந்தது. ஆனால் ஒவ்வொரு வீச்சுக்கும் அம்முகம் சிறிதாகிக்கொண்டே போயிற்று. நான் கூவிக்கொண்டே இடுப்பளவு நீருக்குள் ஓடினேன். என்னிடம் பழம் வாங்கும் கடைக்காரர் என் சட்டையைப் பற்றி இழுத்து நிறுத்திவிட்டார்.

அந்தக் கரையில் அலைச்சறுக்குக் கற்பிக்கும் மலையாளப் பெண் பலகையுடன் ஓடி வந்தாள். அவள் அலைகளின் பக்கம் போகவில்லை. அந்த அமைதியான நீரிலேயே பாய்ந்து படுத்தாள். கடல் அவளையும் விரைந்து வாங்கிக்கொண்டது. ஓர் உயிருக்கு இரண்டு உயிராகப் போகிறதே என்று அஞ்சினேன்.

அவள் எட்டிப் பிடித்ததும், "கை வீசல்லே! பலக பிடிக்கு! அனங்காதெ கெடக்கு!" என்று அதட்டியது கரைவரை கேட்டது. துணைவியார் கை வீசுவதை விட்டுவிட்டார். பலகையைப் பற்றி அசையாமல் கிடந்தார். அவள் கரையை நோக்கி வராமல் பக்கவாட்டில் தள்ளிச் சென்று, அலை உடையும் இடத்தை அடைந்து, வந்த அலையொன்றின் முன் பலகையைச் செலுத்தினாள். சேலைத் தலைப்பு பின்னால் இழுபட, நுரையின் மேலேறி என் மனைவி மணலில் வந்து சேர்ந்தார். உப்பு நீரை உமிழ்ந்தபின் என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் வார்த்தை, "பெட்டியெல்லாம் எறக்கிட்டீகளா?"

அந்தப் பெண் மூச்சு வாங்க என்னிடம் சொன்னாள்: "அண்ணா, அல ஒடையாத எடம், கரைக்கு வந்த தண்ணி திரும்பிக் கடலுக்குப் போற வழி. பலகையோட உள்ளே போக எங்களுக்கு அதாணு ரோடு. குளிக்க அதுல ஆரும் எறங்கில்ல."

அலை எங்கே வரும் என்பதை மட்டுமே அத்தனை காலமும் கேட்டு வைத்திருக்கிறேன். வந்த நீர் எவ்வழியே திரும்புகிறது என்று ஒரு கரையிலும் நான் கேட்டதில்லை. அவளைப் பார்த்துக் கைகூப்பினேன். நான் பெட்டியோடு கொடுத்த பழத்தை அவள் மறுத்துவிட்டு, ஒரு கொத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, துணைவியாருக்கும் ஊட்டித் தானும் தின்றாள்.

திரும்பும் வழியில் மலை ஏறினோம். ஏலத்தோட்டங்கள் தொடங்கியதும் துணைவியார் வெளியே பார்த்தபடியே பேசத் தொடங்கினார். கன்னிப்பருவத்தில் கம்பத்திலிருந்து ஜீப்பேறி அந்தத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் சென்றவர் அவர்.

"அந்தப் பிள்ள கத்துனது, ஏலக்காட்டுல கங்காணி மலையாளத்துல அதட்டுன மாதிரியே இருந்துச்சுங்க. நிறுத்துன்னா நிறுத்தணும், புடின்னா புடிக்கணும். ஒடம்பு தன்னால கேட்ருச்சு. தமிழ்ல, 'பயப்படாத தாயி'ன்னு கொஞ்சியிருந்தா, நீ யாருடி எனக்கு நீச்சல் சொல்லன்னு நீந்திக்கிட்டேதான் கெடந்திருப்பேன்."

அந்தக் கங்காணியைப் பற்றி எங்கள் மணவாழ்வு முழுவதும் நான் கேட்டவை வசைகளே. ஒரு வளைவு கடந்ததும் அவர் மறுபடி சொன்னார்.

"அந்தக் கங்காணி எங்கன இருக்காகளோ, நல்லா இருக்கட்டும்."

நான் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன். சாலை சிறிது நேரம் கண்ணுக்குத் தெளியவில்லை.