மகள் சொன்ன முதல் சொல்

மகளுக்கு ஒன்றேமுக்கால் வயதாக இருந்தபோது கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் கேட்டார்: "புள்ள எத்தன வார்த்த பேசுறாங்க?"

"ஒன்னுதான் மிஸ். அப்பான்னு சொல்லுவா." பக்கத்திலிருந்த மனைவியின் முகத்தை நான் பார்க்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் பேசணுமே. எப்பெப்ப சொல்றாங்கன்னு எழுதிக்கிட்டு அடுத்த மாசம் வாங்க."

அப்போது இரத்தோட்டையில் குடியிருந்தோம். எங்கள் இருவருக்கும் மாத்தளை டவுனில் வேலை. பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா.

ஒரு பழைய டயரியில் எழுதத் தொடங்கினேன். முகம் கழுவும்போது "அப்பா". சோறு ஊட்டும்போது "அப்பா". சட்டை மாட்டும்போது இரண்டு தரம். வேலை முடிந்து வந்து தூக்கும்போது மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலும் என்று நானே காரணமும் எழுதி வைத்தேன்.

ஒருநாள் வழக்கத்தைவிட முன்னதாக பஸ் கிடைத்தது. அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே மகளின் குரல் கேட்டது. அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நான் வந்தது அவளுக்குத் தெரியாது. அக்கா பப்பாளித் துண்டை நீட்ட, இவள் தலையைத் திருப்பி, "எப்பா" என்றாள்.

"எப்பாத? ஹா, ஹா" என்று அக்கா துண்டைத் தட்டில் வைத்துவிட்டார்.

சிங்களத்தில் 'எப்பா' என்றால் வேண்டாம்; 'ஹா' என்றால் சரி. சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த சொல்தான். ஆனால் என் மகள் வாயிலிருந்து அது வரும் என்று ஒருபோதும் நினைக்கவில்லை. செருப்பைக் கையில் பிடித்தபடியே நின்றேன்.

"அக்கா, எவ்வளவு நாளா இப்பிடிச் சொல்றா?"

"ரொம்ப நாள் மாத்தயா. வேணாம்னா எப்பாதான். நல்லா சொல்றது."

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு மாசமா என்னா பெரும பேசுனீங்க!"

எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு சங்கடம். வேண்டாம், வேண்டாம் என்று பிள்ளை சொல்லச் சொல்ல, என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று மகிழ்ந்து, இன்னொரு வாய் ஊட்டியிருக்கிறேன்.

அன்றிரவு சாப்பாட்டில் அவள் "எப்பா" என்றதும் கையை இழுத்துக்கொண்டேன். என்னை நிமிர்ந்து பார்த்தாள். தண்ணீர்க் கோப்பையைக் காட்டினேன். "எப்பா." அதையும் தள்ளி வைத்தேன். பிறகு தலையணை, பொம்மை, தன் அம்மா என்று எல்லாவற்றிடமும் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தாள்.

அடுத்த மாதம் டயரியைப் பார்த்த மிட்வைஃப் மிஸ்ஸும் சிரித்தார். "ரெண்டு பாஷையையும் சேத்து எண்ணுங்க. பயப்பட ஒன்னுமில்ல." எண்ணினோம். அக்காவிடம் கேட்டபோது எங்களுக்குத் தெரியாத ஏழு சொற்கள் மகளின் கணக்கில் இருந்தன.

இரண்டரை வயதில் வாய் ஓயவில்லை. அக்காவிடம் 'வத்துர', எங்களிடம் 'தண்ணி'. யாரும் பிரித்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணை அவள் வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். வாயே திறக்கவில்லை.

"பாப்பா எங்க போறீங்க?" என்றார் அந்தப் பெண்.

"கடைக்கு" என்று உடனே தமிழில் பதில் வந்தது.

அவர் எந்தப் பாஷையில் பேசுவார் என்றுதான் அவ்வளவு நேரம் காத்திருந்தாளா? கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே மாட்டைக் காட்டினாள்.