பீச்சாங்கைக்கு ஒரு வணக்கம்

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் ஆளைக் காணோமே, செத்துக்கித்துப் போய்விட்டானா என்று பாகூர் வாசகர் ஒருவர் அன்போடு விசாரித்திருந்தார். இல்லை ஐயா! கரிக்கலாம்பாக்கம் போகிற வழியில் நான் தொற்றிக்கொண்டு போன கரும்பு வண்டி குடை சாய்ந்தது. மாட்டுக்கு ஒன்றுமில்லை. வண்டிக்கும் ஒன்றுமில்லை. கரும்புகூட அப்படியே இருந்தது. என் வலது மணிக்கட்டுதான் போயிற்று.

எலும்பு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். நாற்பது நாள் அசைக்கக் கூடாதாம்.

"காலையில கண்ணு முழிச்சதும் எழுந்துக்காத. படுத்தவாக்குல ஒவ்வொரு வெரலா நெனச்சுப் பாரு. மதமதன்னு இருந்துச்சின்னா ஓடியா, கட்டத் தளத்தணும்" என்றார்.

நாற்பது நாளா? இருபத்தைந்தாம் நாள் என் மகள் தனத்துக்கு வில்லியனூர் மேரியில், அதாவது முனிசிபல் ஆபீசில், கல்யாணப் பதிவு! பெண்ணைப் பெற்றவன் ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட வேண்டும். போட முடியாதவன்... கட்டைவிரலை மசியில் அழுத்த வேண்டும்.

கைநாட்டா? நானா? சாயங்காலப் பள்ளிக்கூடம் வைத்து, நாற்று நடுகிறவர்களையும் கரும்பு வெட்டுகிறவர்களையும் பிடித்து உட்கார வைத்து, "கைநாட்டு வைக்காதே, பேரை எழுது" என்று இத்தனை வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியவன் நான். இந்தப் பத்தியிலும் அதையே எழுதி உங்கள் உயிரை வாங்கியிருக்கிறேன். சொந்த மகள் கல்யாணத்தில் நானே மசியைத் தொட்டால், மறுநாள் எந்த முகத்தோடு அவர்கள் கையில் சிலேட்டைக் கொடுப்பேன்?

அந்தக் கவலையோடுதான் வைத்தியர் சொன்ன காலை வேலையை ஆரம்பித்தேன். விரல்களோடு நிற்கவில்லை மனசு. கால் கட்டைவிரல் வரைக்கும் போய்விட்டது. அடேயப்பா, உள்ளே எத்தனை பேர் உழைக்கிறார்கள்! நாற்பத்தேழு வருஷமாக என்னைத் தூக்கித் திரிகிற முழங்காலிடம் ஒரு வார்த்தை பேசியதுண்டா? தூங்கும்போதும் மூச்சை வாங்கி விடுகிற நெஞ்சிடம்? கண்ணுக்கு, காதுக்கு, முதுகுக்கு — ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

வாசல் தெளித்துவிட்டு வந்த என் மனைவி அஞ்சலை நின்றுவிட்டாள். "யாராண்ட பேசுறீங்க?"

"ஒடம்பாண்ட. நன்றி சொல்றேன்."

"அல்லாத்துக்கும் சொன்னீங்க. பீச்சாங்கைக்கு?"

நான் என் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"நாலு நாளா ஒங்களுக்குத் தண்ணி மொண்டு ஊத்துறது யாரு? வேட்டி கட்டி, பட்டன் போட்டு, ஒடிஞ்ச கையையும் தாங்கிப் புடிச்சிக்கினு இருக்கறது யாரு? சோறு மட்டும் அது தொடக் கூடாது, நான் ஊட்டணும்! ஒரு கும்புடு கூடவா கெடையாது அதுக்கு?"

சுருக்கென்று தைத்தது. உண்மைதானே? இடது கை என்றாலே நமக்கு இளக்காரம். அதனால் கொடுக்கக் கூடாது, வாங்கக் கூடாது, சாப்பிடக் கூடாது. நன்றி சொல்லும்போதுகூட அதை வெளியே நிறுத்திவிட்டேன். எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. அன்றைக்கே சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு பலப்பத்தை இடது கையில் பிடித்தேன். கையெழுத்தைப் போட்டே தீருவது என்று முடிவு செய்தேன்.

அதன் பிறகு தினமும் விடியலில் முதல் மரியாதை இடது கைக்குத்தான். தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் எங்கே இறுக்கம், எங்கே வலி என்று நிதானமாகப் பார்ப்பேன். நேற்று செய்ததற்கு நன்றி சொல்வேன். அப்புறம் சிலேட்டு. ஏழுமலை — நாலே எழுத்து. முதல் நாள் 'ழு' செத்த தேள் மாதிரி சுருண்டு கிடந்தது. பத்தாம் நாள் 'லை'க்குத் துதிக்கை முளைத்தது. இதோ, இந்தப் பத்தியையும் அதுதான் எழுதுகிறது. அச்சுக் கோப்பவர் பாவம்!

போன புதன்கிழமை மேரிக்குப் போனோம். குமாஸ்தா என் கட்டைப் பார்த்துவிட்டு மசிப்பெட்டியை நகர்த்தினார்.

"வேணாம் முசியே, பேனா குடுங்க" என்று இடது கையை நீட்டி வாங்கினேன்.

பக்கத்தில் நின்ற சம்பந்திக்கு முகம் மாறியது. பூரணாங்குப்பத்துக்காரர். நல்ல மனுஷர், ஆனால் சகுனம், சாஸ்திரம் என்றால் ஒரு அடி விட்டுக்கொடுக்க மாட்டார்.

"இன்னா சம்பந்தி இது? நல்ல காரியத்துல பீச்சாங்கையா? கட்டுக்கு வெளிய சோத்தாங்கைக் கட்டவெரலு தெரியுதில்ல? அத்த மசியில வச்சி எடுங்க. இல்லாங்காட்டி நான் ஒத்துக்க மாட்டேன்."

முகூர்த்தத்துக்கு இரண்டே நாள். என் வீம்புக்காகப் பெண்ணின் கல்யாணத்தைக் கெடுப்பதா? பேனாவைக் கீழே வைத்துவிடலாம் என்றே நினைத்தேன்.

அதுவரை குனிந்த தலை நிமிராமல் நின்ற தனம் நிமிர்ந்தாள்.

"மாமா, தப்பா நெனச்சுக்காதீங்க. வெள்ளிக்கிழமை தாலி கட்டசொல்ல, ஒங்க புள்ள எத்தினி கையால முடிச்சு போடுவாரு?"

மாப்பிள்ளை தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார். குமாஸ்தாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. சம்பந்தி மசிப்பெட்டியை ஒதுக்கித் தள்ளினார். அப்புறம் மெல்ல, "போடுங்க சம்பந்தி" என்றார்.

போட்டேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. 'ஏ' கொஞ்சம் சாய்ந்திருந்தது, மற்ற மூன்றும் நேராகவே நின்றன. கண் கலங்கிவிட்டது. சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை.

அடுத்து மாப்பிள்ளையைப் பெற்றவர் முறை. சம்பந்தி மசிப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, கட்டைவிரலை அழுத்தி, ரிஜிஸ்தரில் வைத்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும், விரலைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டே என் காதோரம் வந்தார்.

"பீச்சாங்கைக்கு எத்தினி நாளு ஆச்சு சம்பந்தி?"

"இருபது."

"அப்ப சோத்தாங்கைக்குப் பத்து போதுமில்ல?"