கயிறு நகரும் வேகம்

தஞ்சாவூரில் நான் படித்த பொறியியல் கல்லூரிக்கு, சிப் வடிவமைக்கும் கம்பெனி ஒன்று ஆள் எடுக்க வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்த வேலை எனக்கு வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல எனக்குக் கூச்சமே இருக்கவில்லை.

நேர்காணல் செய்தவர் நடுவயதுப் பெண்மணி. “ஒரு பிராசஸர் மூணு கிகாஹெர்ட்ஸ், இன்னொண்ணு நாலு. எது வேகம்?”

“அதை வச்சு மட்டும் சொல்ல முடியாது மேடம்.”

“ஏன்?”

ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்திருந்த பதில் பாதியில் அறுந்தது. அவர் அடுத்தவருடைய விண்ணப்பத்தை எடுத்துவிட்டார்.

“தமிழ்ல சொல்லட்டுங்களா?”

“சொல்லும்மா.”

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எங்கள் ஊரில் கயிறு பிடித்து நாற்று நடுவார்கள். வயலுக்குக் குறுக்கே கயிறு. அதை ஒட்டி வரிசையாகக் குனிந்து, அவரவர் பங்கை நட வேண்டும். எல்லோரும் முடித்தால்தான் கயிறு அடுத்த வரிசைக்குப் போகும். கடைசியில் முடிப்பது பெரும்பாலும் முழங்கால் வலிக்கார என் அம்மா. “என்னக்கா, வயல்லயே குடிவந்துட்டியா?” என்பார்கள் மற்றவர்கள். லீவு நாட்களில் அம்மாவின் பங்கில் பாதியை நான் நடுவேன். கயிறு சீக்கிரம் நகரும்.

இதைச் சொல்லிவிட்டு, “கயிறு நகர்றதுதான் மேடம் கிளாக், நீங்க சொன்ன அந்த கிகாஹெர்ட்ஸ். மெதுவா நடக்குற வேலையை ரெண்டாப் பிரிச்சா கிளாக்கைக் கூட்டலாம். ஆனா நாத்துக்கட்டு, அதாவது டேட்டா, வந்து சேரலைன்னா அத்தனை பேரும் சும்மா நிக்கணும். கயிறு மெதுவாப் போனாலும் ஒரு தடவைக்கு ரெண்டு வரிசை நட்டா, அந்த வயல்தான் முதல்ல முடியும்” என்றேன்.

“சரி, கிளாக்கைக் கூட்டிக்கிட்டே போனா என்ன?”

“இடுப்பு விட்டுப்போயிடும் மேடம். சிப்புன்னா சூடேறிடும்.”

அவர் சிரிக்கவில்லை. “அம்மா இன்னும் நடவுக்குப் போறாங்களா?”

“இன்னைக்கும் போயிருக்காங்க.”

மதியம், என்னை எடுத்துக்கொண்டதாகச் சொன்னார்கள். வாசலுக்கு வந்து அம்மாவைப் போனில் கூப்பிட்டேன்.

“வேலை கிடைச்சிடுச்சும்மா. இனிமே நீ குனிய வேணாம்.”

“நெசமாவா?” சேற்றில் கால் மாற்றும் சத்தம் கேட்டது. பின்னால் யாரோ, “அக்கா, போன் அப்புறம் பேசலாம், எல்லாரும் நிக்கிறோம்!” என்று கத்தினார்கள்.

“வைக்கிறேன் ஆயி. கயிறு எனக்காக நிக்குது” என்றாள் அம்மா.