காற்றுக்கு விட்டு எறிந்த பந்து

முதல் நாள்

வரலாறு படிப்பிக்கத்தான் நான் திருகோணமலையில் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தனான். முதல் நாள் இடைவேளைக்கு அதிபர் என்னைக் கூட்டிக்கொண்டு போய், வகுப்பறைக் கட்டடத்துக்குப் பின்னால், துறைமுகத்தைப் பார்த்தபடி வெறுமனே கிடந்த ஒரு சீமெந்துத் தரையைக் காட்டினா.

"நீங்கள் யூனிவர்சிட்டியிலை டெனிஸ் விளையாடினதெண்டு ஃபைலிலை கிடக்கு. உண்மையோ பிள்ளை?"

"ஓம் மிஸ். கொஞ்சம்."

"கொஞ்சம் காணும். இஞ்சை கொஞ்சமும் தெரிஞ்ச ஆள் இல்லை."

நாலு ராக்கெட் இருந்தது. அதில் இரண்டுக்கு நரம்பு இல்லை. வலை நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு துருப்பிடித்த கம்பங்கள் மட்டும். மாணவி ஒருத்தியின் தகப்பன் மீன்பிடிக்கிறவர். நைலோன் நூலில் ஒரு வலை பின்னிக் கொண்டுவந்து கட்டிவிட்டு, "டீச்சர், இதுக்குள்ளாலை சின்னச் சூடை மீனும் போகாது" என்றார். உண்மைதான். பந்து என்ன, காற்றுக்கூடச் சிரமப்பட்டுத்தான் அதற்குள்ளால் போனது.

அது இருபத்திரண்டு வருசத்துக்கு முந்தி. இப்போது அதிபரின் அறை அலுமாரியில் கிண்ணங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. மாவட்டம், மாகாணம், பிறகு அகில இலங்கை. புதிதாகப் பயிற்சி கொடுக்க வருகிற இளம் ஆசிரியைகள் நடுவில் நிற்கிற பெரிய கிண்ணத்தைக் காட்டிக் கேட்பார்கள். நாங்கள் கீழ்ப் பிரிவிலிருந்து மேல் பிரிவுக்கு ஏறின வருசத்துக் கிண்ணம் அது. "எப்பிடி மிஸ் வெண்டனீங்கள்?"

நான் அவர்களுக்குச் சொல்வது, அந்த நாளில் நாங்கள் தோற்ற ஆட்டத்தின் கதையை.

துறைமுகப் பக்கம்

எங்கள் கோர்ட்டின் ஒரு முனையில் துறைமுகம். மறுமுனையில் கட்டடச் சுவர். துறைமுகத்தை நோக்கி சேர்வ் அடித்தால், கம்பி வேலிக்கு மேலால் போகிற பந்து நேரே தண்ணீருக்குள். போன பந்து போனதுதான். ஆகவே முதல் மாதமே ஒரு சட்டம் போட்டேன்: சேர்வ் பழகுவது துறைமுகப் பக்கத்தில் நின்று, சுவரைப் பார்த்து மட்டும். அடித்த பந்து சுவரில் பட்டு எங்களிடமே உருண்டு வரும். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தப் பக்கத்தில் நிற்கிறவளுக்கு இடது தோளுக்குப் பின்னால் எப்போதும் காற்று. கச்சான் காற்று வீசுகிற காலத்தில் தலையில் தொப்பி நிற்காது. மற்ற மாதங்களிலும் பின்னேரமானால் குடாவிலிருந்து ஏதோ ஒன்று ஊதிக்கொண்டே இருக்கும். மூச்சு விடுவதை யார் கவனிக்கிறார்கள்? அந்தக் காற்றையும் நாங்கள் அப்படித்தான் கவனிக்காமல் விட்டோம்.

எங்கள் ஊரில் வெல்லுவோம். வெளியூர் போனால் சேர்வ் பிழைத்து வெளியே போகும். டெனிஸில் பந்தை மேலே எறிந்து சேர்வ் அடிக்க இரண்டு வாய்ப்பு. இரண்டும் பிழைத்தால் டபிள் ஃபோல்ட், புள்ளி மற்றவளுக்கு. பெரிய ஊரைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று நான் சொல்லிக்கொண்டேன். எங்கள் கோர்ட்டிலேயே சுவர்ப் பக்கம் மாறி நின்றாலும் பிழைக்கும். அதற்கு வேறு காரணம் வைத்திருந்தேன்: அந்தப் பக்கம் சீமெந்து வெடித்திருக்கிறது, கால் வைக்க ஏலாது. ஒவ்வொரு பிழைக்கும் என்னிடம் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. அதனால்தான் கேள்வி ஒன்றும் வரவில்லை.

டபிள்

தர்சினி எங்கள் கப்டன். அவளுடைய சேர்வ் சுவரில் மோதினால், உள்ளே படிப்பிக்கிற ஆசிரியையின் கையிலிருந்து சோக்கட்டி விழும். அவளை நம்பித்தான் ஏறுவதற்கு முந்தின வருசம் கொழும்புக்குப் போனோம். நாலு பக்கமும் உயர்ந்த கட்டடங்கள். நடுவில், கிணற்றின் அடியைப்போல, கோர்ட். வென்றால் மேல் பிரிவு. இரண்டு சிங்கிள்ஸ், ஒரு டபிள்ஸ்; மூன்றில் இரண்டை வெல்ல வேண்டும். முதல் சிங்கிள்ஸ் கைவிட்டுப் போனதால், எல்லாம் தர்சினியின் சிங்கிள்ஸில் வந்து நின்றது.

ஒரே ஆட்டத்தில் ஒன்பது டபிள் ஃபோல்ட். ஒவ்வொரு பந்தும் நீளமாகப் பறந்து கோட்டைத் தாண்டி விழுந்தது. தோற்றோம்.

திரும்பி வருகிற வழியில், ஹபரணையில் தேத்தண்ணிக்கு வான் வண்டியை நிறுத்தியபோது அவள் இறங்கவில்லை. நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

"பயந்திட்டாய், என்ன?"

"நான் பயப்பிடேல்லை மிஸ்."

"கை நடுங்கினதை நான் கண்டனான்."

"அது பிறகு மிஸ். பிழைக்கத் தொடங்கினாப் பிறகுதான் நடுங்கினது."

எவ்வளவு தெளிவான பதில்! நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த நாள் காலைக் கூட்டத்தில், எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால், "திறமை இருந்து காணாது, தைரியமும் வேணும்" என்று ஒரு பேச்சு வேறு பேசினேன்.

பேர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. "டபிள் வருது, தள்ளி நில்லுங்கோடி!" என்று நடைபாதையில் கத்துவார்கள். முதல் கிழமை அவளும் சேர்ந்து சிரித்தாள். மூன்றாம் கிழமை என் மேசையில் அவளுடைய அணி ஜேர்சி கிடந்தது. தோய்த்து, ஸ்திரி போட்டு, மடித்து. மேலே ஒரு துண்டு: "மிஸ், எனக்கு ஏலாது. பயந்த ஆள் கப்டனாய் இருக்கக் கூடாது."

அவளுக்கு இன்னும் ஒரு வருசம்தான் பள்ளிக்கூடம். அந்தப் பேரோடுதான் அவள் வாசலைத் தாண்டிப் போகப்போகிறாள் என்பது எனக்குக் குத்தியது. ஆனாலும் அவள் பயந்தாள் என்றே நான் நம்பினேன்.

மார்க்கர்

இரண்டு மாதம் கழித்துப் பயிற்றுநர் கூட்டம் ஒன்றுக்குக் கொழும்பு போனேன். அதே இடம். கூட்டம் பத்து மணிக்கு; நான் ஏழுக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். கோர்ட்டைப் பார்த்துக்கொண்டு, ஜோடி இல்லாமல் வருகிறவர்களுக்குப் பந்து அடித்துக் கொடுக்கிறவரை அங்கே மார்க்கர் என்பார்கள். பெருமாள் என்று பேர், அட்டன் பக்கத்து ஆள். கோர்ட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார். கேட்டதும் ஒரு வாளி பந்தும் ஒரு ராக்கெட்டும் தந்தார்.

முதல் சேர்வ் வெளியே. இரண்டாவதும். பன்னிரண்டு அடித்ததில் ஒன்பது, நீளமாக, கோட்டைத் தாண்டி. தர்சினியின் பந்துகள் விழுந்த அதே இடம்.

எனக்கு அங்கே பயப்பட யார் இருந்தார்கள்? ஒரு மனுசர், ஒரு விளக்குமாறு, இரண்டு காகம்.

விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு பெருமாள் கேட்டார்: "மிஸ், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்கோ."

"ஏன் பந்தத் தலைக்குப் பின்னாடி எறியிறீங்க? யாரு வந்து முன்னாடி தள்ளி வுடப் போறா?"

"நான் முன்னுக்குத்தானே எறியிறன்."

"அடிக்காம சும்மா வுட்டுப் பாருங்க. கீழ வுழட்டும்."

எறிந்தேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பந்து என் இடது குதிக்காலுக்குப் பின்னால் விழுந்தது. இன்னொன்று. அதே இடம். மூன்றாவது, அதே இடம். என் கன்னத்தில் ஒரு மயிர்கூட அசையவில்லை. அப்போதுதான் உறைத்தது: யார் தள்ளி விடுவார் என்று அவர் கேட்டாரே, ஊரில் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது யார் என்று.

அன்றைய கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஊருக்கு வந்த பின்னேரமே சோக்கட்டியோடு எங்கள் கோர்ட்டுக்குப் போனேன். அதே கை, அதே எறி. பந்து உச்சிக்குப் போய், ஒரு கணம் நின்று யோசித்து, காற்றோடு சாய்ந்து, கோட்டுக்குள்ளே எனக்கு முன்னால் விழுந்தது. கொழும்பில் விழுந்த இடத்துக்கும் இதற்கும் ஒரு முழத்துக்கு மேல் தூரம். இருபது வருசமாக நாங்கள் எல்லாரும் பின்னுக்கு எறிந்து, காற்று கொண்டுவந்து தர அடித்துக்கொண்டிருந்திருக்கிறோம். யாருக்கும் நான் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. என் கையைப் பார்த்து அவர்கள் கை பழகிவிட்டது.

நேரே தர்சினி வீட்டுக்குப் போனேன். தாய் கதவைத் திறந்து, கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, "அவளுக்கு உங்களிலை சரியான கோவம் மிஸ். பாத்துக் கதையுங்கோ" என்றபடி குசினிக்குள் போய்விட்டா.

"தர்சினி, நான் பிழை விட்டிட்டன்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கும் ஒன்பது பந்து வெளியே போனதையும் சொன்னேன்.

அவள் பள்ளிக்கூடக் கொப்பியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "மிஸ்ஸும் பயந்திட்டியளோ?"

குசினிக்குள் தாய் சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தக் குத்து எனக்குத் தேவைதான். "இல்லை" என்றேன். "நீயும் பயப்பிடேல்லை. நான்தான் கேக்கேல்லை."

அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தாள். "எவ்வளவு தூரம் மிஸ் தள்ளி விழுந்தது? அளந்தனீங்களோ?"

அடுத்த நாள் காலைக் கூட்டத்தில், பேச்சுப் பேசின அதே இடத்தில் நின்று, பிழை என்னுடையது என்று சொன்னேன். பேர் உடனே போய்விடவில்லை. சொல்லுகிற வாய்கள் மட்டும் குறைந்தன.

ஊதுபத்தி

காற்றில்லாத இடம் வேண்டும். திருகோணமலையில் அதை எங்கே தேட? நானும் தர்சினியும், அவளோடு டபிள்ஸ் ஆடுகிற ஃபஸ்மிலாவும் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு திரிந்தோம். பள்ளிக்கூட மண்டபத்தில் புகை வளைந்தது. கட்டி முடியாத கட்டடத்துக்குள்ளும் வளைந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் என்ன பூசை என்று கேட்டார்கள்.

ஃபஸ்மிலா மூதூர்ப் பிள்ளை. நகரத்தில் சாச்சி வீட்டில் நின்று படித்தாள். "எங்கட வாப்பாட மில்லுல காத்தே வராது மிஸ்" என்றாள். "மூச்சு விடவே ஏலாது."

சனிக்கிழமை மூன்று பேரும் பஸ்ஸில் மூதூர் போனோம். அரிசி மில்லோடு ஒட்டின நெல் ஸ்டோர். உயர்ந்த கூரை, யன்னல் இல்லை. ஊதுபத்திப் புகை நூல் கட்டித் தொங்கவிட்ட மாதிரி நேராக நின்றது. மூன்று பேரும் கத்தினோம்.

"போகம் வெட்டி நெல்லு வரும் மட்டும் சும்மாதான் கிடக்கும் டீச்சர். எடுத்துக்கங்க" என்றார் ஃபஸ்மிலாவின் வாப்பா. சோக்கட்டியால் சுளகளவு வட்டம் கீறி, அதற்குள் பந்து விழும்படி எறிந்தார்கள். பிறகு சிரட்டையளவு வட்டம். அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டு நின்றவருக்குப் பொறுக்கவில்லை.

"எறியிறீங்க, விழுது. எறியிறீங்க, விழுது. ஆரும் அடிக்கிறதா இல்ல. இதுக்கா மகள் நான் ராக்கெட் வாங்கித் தந்த?"

"வாப்பா, சும்மா இருங்க. எண்ணிக்கை பிழைக்குது!"

ஆறு சனிக்கிழமை. உமித்தூசியோடு வீடு திரும்புவோம். ஆனால் இரண்டாம் கிழமையே, எங்கள் கோர்ட்டில், ஃபஸ்மிலாவின் குரல்: "மிஸ், இப்ப ரெண்டு இடத்திலயும் பிழைக்குது!" மில்லில் பழகின எறி, காற்றில் முன்னுக்கு ஓடியது.

தர்சினிதான் சொன்னாள்: "ஒரு எறியைப் பழகிறதாலைதான் மிஸ் பிழைக்குது. போற இடத்தைக் கேட்டிட்டு எறிவம்."

அப்படித்தான் அந்த வழக்கம் வந்தது. ஆட்டம் தொடங்க முந்தி மூன்று பந்தை மேலே எறிந்து, அடிக்காமல் விழவிட்டுப் பார்ப்பது. நானும் என் பழைய சட்டத்தைக் கிழித்தேன். இரண்டு பக்கத்திலும் நின்று சேர்வ் பழகினோம். துறைமுகத்துக்குள் போன பந்துகளை நான் எண்ணவில்லை.

தோற்ற ஆட்டம்

அடுத்த வருசம் அதே கொழும்பு, அதே கோர்ட், அதே மேல் பிரிவுக்கான ஆட்டம். ஃபஸ்மிலா தன் சிங்கிள்ஸை வென்றாள். பிறகு தர்சினி.

எதிராளி உயரமான பிள்ளை. எங்கள் எல்லாரையும்விட நல்லாக விளையாடுகிறவள் என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்தது. தர்சினி கோட்டில் நின்று பந்தை எறிந்தாள், அடிக்காமல் விழவிட்டாள். இன்னொன்று. இன்னொன்று. பார்வையாளர் பக்கத்தில் ஒருத்தி "பந்தைப் பாக்கிறாளோ, நிலத்தைப் பாக்கிறாளோ?" என்று சிரித்தாள். தர்சினி குனிந்து பந்து விழுந்த இடத்தைப் பார்த்து, காலைக் கொஞ்சம் சரிசெய்தாள்.

இளம் பயிற்றுநர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். ஒரு பிள்ளை பிழை விட்டால், அந்தப் பிழை எந்த இடத்தில் சரியாக இருந்தது என்று முதலில் தேடுங்கள். பயம் என்று உடனே பேர் வைக்காதீர்கள். பேர் வைத்த உடனே தேடுவது நின்றுபோகும். பிள்ளை பதில் சொன்னால் கேளுங்கள். ஹபரணையில் வானுக்குள் நான் கேட்டிருந்தால், ஒரு பிள்ளைக்கு அத்தனை மாதம் மிஞ்சியிருக்கும்.

அன்றைய ஆட்டத்தில் தர்சினி ஒரு டபிள் ஃபோல்ட்கூட விடவில்லை. ஆனாலும் தோற்றாள். எதிராளி அடித்த கடைசிப் பந்து தர்சினியின் இடது பக்கக் கோட்டின் மேல் விழுந்து, எட்ட ஏலாத தூரத்துக்குப் போனது. அருமையான அடி. வலையடிக்குப் போய்க் கைகொடுத்துவிட்டு, முகமெல்லாம் வேர்வையோடு என்னிடம் வந்தாள். தேற்றலாம் என்று நான் தண்ணீர்ப் போத்தலைத் திறந்துகொண்டு எழும்பினேன்.

"மிஸ், கண்டனீங்களோ?" என்றாள். கண் பளபளத்தது. "இண்டைக்கு நான் தோத்தது, அவ நல்லா விளையாடினதாலை!"

பிறகு என் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைப் பறித்து அரைவாசி குடித்தாள்.

"ஃபஸ்மிலா எங்கை? டபிள்ஸ் கிடக்கெல்லோ" என்றபடி ராக்கெட்டைத் தோளில் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குத் திரும்பி நடந்தாள்.